சலட் தோட்டத்தில் பெரியப்பா சொன்னது

அன்புப் பிள்ளைகளே,

எனக்கு அண்ணை, உங்களுக்குப் பெரியப்பா. அவர் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஒரு வருடம் நிறைகிறது. அவருடைய நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தரும்படி பெரியம்மா கேட்டார். “நல்லதாய் எழுதுங்கோ தம்பி, ஆரையும் ஏசாதையுங்கோ” என்றும் சொன்னார். முதலாவதற்கு முயற்சி செய்கிறேன். இரண்டாவது என்னால் ஆகாது.

பெரியப்பா உரும்பிராயில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர். ஐயா காலமான பிறகு எங்கள் நால்வரையும் அவருடைய வெங்காயமும் மிளகாயும்தான் வளர்த்தன. ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் அங்கே மண் பொன், தண்ணி தேன் என்று எழுதுகிறார்கள். பச்சைப் பொய். பூச்சிமருந்துப் போத்தலில் ஒரு மூடி விடு என்று எழுதியிருந்தால் நாங்கள் மூன்று மூடி விட்டோம். பெரியப்பா சட்டையில்லாத முதுகில் மருந்துத் தாங்கியைக் கொழுவிக்கொண்டு, கையாலேயே மருந்தைக் கலக்கி அடிப்பார். அடுத்த நாளே வெங்காயத்தைக் கிண்டியெடுத்துச் சந்தைக்கு அனுப்புவோம். கையைக் கிணற்றடியில் கழுவி, அதே கிணற்றில் தண்ணி குடித்தோம். அதைத் திறமை என்று நினைத்தோம்.

சண்டை துரத்த மொன்றியலுக்கு வந்தார். உணவகங்களில் கோப்பை கழுவினார். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிந்திய சில கோடைகளில் அவரும் நானும் தோட்ட வேலைக்குப் போனோம். காலையில் மெற்றோ ரயிலில் லொங்குய்ய் நிலையத்துக்கு வந்து இறங்கினால் வாசலில் வான் நிற்கும். ஆட்களை ஏற்றி இறக்கிய வான்காரர் எங்கள் தமிழ் ஆள்தான். அவருடைய பெயரை எழுதி இந்தத் தாளைப் பழுதாக்க விரும்பவில்லை.

கறுப்பு மண் தோட்டம். கண்ணுக்கெட்டிய வரை சலட் இலை. ஒரு புல் இல்லை, புழு இல்லை, வண்ணத்துப்பூச்சி இல்லை. வாய்க்காலில் தவளைச் சத்தமும் இல்லை. உயிரெல்லாம் செத்த இடத்தில் இலை மட்டும் பளபளவென்று நிற்கும். இதைத்தான் நவீன விவசாயம் என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவார். இலையை அடுக்குகிற பெட்டியில் சிரிக்கிற விவசாயி ஒருவரின் படம், பக்கத்தில் சூரியன், ஒரு குருவி. குருவியை அங்கே அந்தப் பெட்டியில் மட்டும்தான் கண்டேன்.

எங்களோடு சுகந்தி என்று திருகோணமலைப் பிள்ளை ஒருத்தி வேலை செய்தார். பிரெஞ்சு வகுப்புக்குப் போனவர். ஒருநாள் காலை வயல் தலைப்பில் மண்டையோட்டுப் படமும் பிரெஞ்சு எழுத்தும் போட்ட பலகை ஒன்று நின்றது. இலையெல்லாம் ஈரம். மூக்கைத் துளைக்கிற மணம்.

சுகந்தி பலகையை வாசித்துவிட்டுத் திரும்பினார். “அண்ணா, நேற்றுப் பின்னேரம் மருந்து அடிச்சிருக்கினம். நாளை வரைக்கும் ஆரும் உள்ளுக்கு இறங்கக் கூடாதெண்டு கிடக்கு.”

வான்காரர் சிரித்தார். “ஏன் பிள்ளை, நீ வாசிக்க வந்தனியோ வெட்ட வந்தனியோ?”

அப்போதுதான் உங்கள் பெரியப்பா அந்தப் பிழையை விட்டார். மருந்தைப் பற்றி உரும்பிராயானுக்கு வேறு ஆள் சொல்லிக் கொடுப்பதா என்கிற எண்ணம். ஒரு இலையைப் பிய்த்து மணந்து பார்த்தார். “இது வெள்ளைக்காரப் பிள்ளையளுக்கு எழுதிற போட் பலகை, பிள்ளை. நான் பதினைஞ்சு வருசம் இதிலை குளிச்சவன். ஒண்டும் செய்யாது, வா” என்று சொல்லி முதல் ஆளாக இறங்கினார். வான்காரரை நம்பாத பிள்ளை அவரை நம்பி இறங்கியது.

மத்தியானத்துக்கு முன்னமே சுகந்தி விழுந்துவிட்டார். வாந்தி, கண்ணால் மூக்கால் தண்ணி, மூச்சு இழுக்க முடியவில்லை. “வெயில்தான், கொஞ்சம் தண்ணி குடுங்கோ” என்றார் வான்காரர். பெரியப்பா அவருடைய போனைப் பறித்து அம்புலன்ஸைக் கூப்பிட்டார். சுகந்தி உயிர் தப்பினார். ஆனால் நெஞ்சு பழையபடி ஆகவில்லை. இன்றைக்கும் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுதான் ஏறுவார்.

அடுத்த கிழமை விசாரிக்க அரசாங்க ஆட்கள் வந்தார்கள். அன்று நாங்கள் வேலைக்கு வரும் வழியில் வானுக்குள்ளே வான்காரர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். “போட் ஒண்டும் நிக்கேல்லை. விளங்கிச்சோ? எல்லாரும் ஒரே கதை.” பிறகு பெரியப்பாவின் பக்கம் திரும்பினார். “அண்ணை, நீங்கள்தான் கவனம். இறங்கச் சொன்னது நீங்கள். எல்லாருக்கும் கேட்டது.”

ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா பிள்ளைகளே? பலகை எதையும் நான் காணவில்லை என்றேன். வேலை போனால் நீங்கள் மூவரும் என்ன செய்வீர்கள் என்று சாட்டுச் சொல்லலாம். அண்ணைக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

பெரியப்பா தொப்பியைக் கழற்றினார். “போட் நிண்டது. அந்தப் பிள்ளை வாசிச்சுச் சொன்னவ. நான்தான் ஒண்டும் செய்யாதெண்டு இறக்கினனான்” என்றார். மொழிபெயர்க்க வந்த தம்பி தயங்கி, “ஐயா, கடைசி வசனத்தை விடட்டோ?” என்று மெல்லக் கேட்டார். “விடாதை. அதைத்தான் முதல் சொல்லு” என்றார்.

அடுத்த நாள் லொங்குய்யில் வான் கதவு அவருக்குத் திறக்கவில்லை. “அண்ணைக்கு இடமில்லை” என்றார்கள். நான் உள்ளே யன்னலோரம் இருந்தேன். இறங்கவில்லை. தோட்டத்துக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அரசாங்கத்திடமிருந்து ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்ததாம். இரண்டு கிழமை எங்களுக்குக் கையுறை தந்தார்கள். பிறகு அதுவும் இல்லை.

கோயிலில் எங்கள் சனம் என்ன சொன்னது? “சொந்தச் சனத்தையே காட்டிக் குடுத்த மனுசன்.” சொன்னவர்கள் ஒருவரும் ஒரு சலட் இலை வெட்டாதவர்கள். கடையில் ஓட்டை விழுந்த இலையைக் கண்டால் முகத்தைச் சுளித்துத் திருப்பி எறிகிறவர்கள். இவர்களுடைய கண்ணுக்கு அழகாயிருக்க வேண்டுமென்றுதான் அங்கே மருந்து அடிக்கிறார்கள். நானும் கடையில் அப்படித்தான் இலை தெரிந்தெடுத்தேன், அதையும் எழுதுகிறேன்.

பெரியப்பா பிறகு புவாண்ட்-கிளேரில் ஒரு களஞ்சியத்தில் கூட்டித் துடைக்கும் வேலை செய்தார். மரக்கறிக் கடைக்குப் போனால் பூச்சி அரித்த கத்தரிக்காயாகத் தேடி எடுப்பார். “அக்கா, அத்தானுக்குக் கண் தெரியாதோ?” என்று கடைக்காரர் பெரியம்மாவைப் பகிடி பண்ணுவார். “பூச்சி திண்டு சாகேல்லை எல்லோ? அப்ப நானும் தின்னலாம்” என்பார் பெரியப்பா.

சில வருடங்களில் வலக்கை நடுங்கத் தொடங்கியது. பிறகு நடையும் தளர்ந்தது. மருந்தடித்த வாழ்க்கையாலா என்று கேட்டேன். ஓம் என்றும் சொல்ல ஏலாது, இல்லை என்றும் சொல்ல ஏலாது என்றார் வைத்தியர். அது நேர்மையான பதில். இறுதி மாதங்களில் பெரியம்மா ஊட்டித்தான் சாப்பிட்டார். தன் கை நடுக்கத்தைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. சுகந்தியின் மூச்சைப் பற்றித்தான் கேட்பார்.

இனி நன்றி. இரவு பகல் பார்க்காமல் பராமரித்த பெரியம்மாவுக்கும், மொழி தெரியாவிட்டாலும் சிரித்துக்கொண்டே தூக்கி இருத்திய தாதிமாருக்கும், கிரியைகளை முன்னின்று நடத்திய உறவுகளுக்கும் எங்கள் நன்றி. ஞாயிற்றுக்கிழமைகளில் கஞ்சி காய்ச்சிக்கொண்டு வந்த சுகந்திக்குச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. “நீங்கள் ஏன் பிள்ளை வாறியள்?” என்று ஒருமுறை பெரியப்பா கேட்டார். “நீங்கள் ஒராள்தான் அண்ணா என்னட்டை உங்கடை பிழையெண்டு சொன்னனீங்கள்” என்றார் அவர்.

போன கிழமை வான்காரர் எனக்குப் போன் எடுத்தார். இப்போது பெரிய ஆள், மூன்று வான் ஓடுகிறதாம். “அண்ணை தங்கமான மனுசன், தம்பி. மலரிலை எனக்கொரு பக்கம் விடுங்கோ, படத்தோடை அனுதாபம் போடவேணும்” என்றார். இந்தமுறை நான் பேசாமல் இருக்கவில்லை. இடமில்லை என்றேன்.

அவர் கேட்ட பக்கத்தில்தான் இதை எழுதியிருக்கிறேன். வாசித்துவிட்டு, உங்கள் அப்பா எந்த இடத்தில் பொய் சொன்னார் என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.