சம்பந்தி கடைக்குச் சைக்கிளில் போனேன்

சனிக்கிழமை காலை எட்டரை மணி. ஒத்தக்கடையில் அக்கா வீட்டு வாசலில் அத்தானின் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சிம்மக்கல்லுக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும். அக்கா மகள் கிரேசுக்குப் பேசி முடித்த வீட்டார் அங்கே மளிகை மொத்த வியாபாரம் செய்கிறார்கள். மறுநாள் பூசையில் கல்யாண அறிவிப்பான முதல் ஓலை வாசிக்க வேண்டும். அதற்காக அவளுடைய திருமுழுக்குச் சான்றிதழை மாப்பிள்ளையின் அப்பாவிடம் கொடுத்துவர வேண்டியது என் பொறுப்பு. கிரேசுக்கு அந்தப் பையனை மிகவும் பிடித்திருந்தது.

"கார் வரச் சொல்லட்டா?" என்றாள் அக்கா.

"இம்புட்டு தூரத்துக்குக் காரா? அங்க தினமும் ஆபீசுக்குச் சைக்கிள்லதான் போறேன்."

"அது அந்த ஊரு. நீ தாய்மாமன், பாத்துக்க."

நான் ஆறு வருடமாக நெதர்லாந்தில், உட்ரெக்ட் நகரில் இருக்கிறேன். அங்கே என் மேலதிகாரியே மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவார். அதற்கு முன் ஒரு வருடம் அமெரிக்காவில், ஹூஸ்டனில். கடைக்கு நடந்துபோனாலே யாராவது காரை நிறுத்தி, ஏதும் பிரச்சினையா என்று கேட்பார்கள். அவர்களை நினைத்து நிறையச் சிரித்திருக்கிறேன். மதுரையும் அந்தக் கட்சியில் சேர்ந்துவிட்டது எனக்குத் தெரியவில்லை.

இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிக்கப் பத்து ரூபாய். ஒன்பதேகாலுக்கு மாட்டுத்தாவணி. பின்னால் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது.

"ஓரமாப் போங்கண்ணே. எம்புட்டு நேரம் அடிக்கிறது?"

"ஓரத்துலதான் கார் நிக்குதே."

"அதுக்கு நான் என்ன செய்ய?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

கோரிப்பாளையம் தாண்டி வைகைப் பாலம் ஏறியபோது என்னைத் தவிர அங்கே ஒரே ஒரு சைக்கிள். அதன் பின்னால் வாழையிலைக் கட்டு இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

பத்து மணிக்குக் கடை. மாப்பிள்ளையின் அப்பா வாசலுக்கே வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார்.

"வண்டி ரிப்பேரா?"

"இல்லங்க. அங்கயும் எனக்குச் சைக்கிள்தான்."

"ஆறு வருசத்துல கார் வாங்கலையா?"

"தேவைப்படலங்க" என்றேன் பெருமையாக. அவர் டீ வரவழைத்தார். சான்றிதழை வாங்கி மேசை மேல் வைத்தார், பிரித்துப் பார்க்கவில்லை. நான் நெதர்லாந்துச் சாலைகளைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். மடையன்.

மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது. ஓலை இப்போது வேண்டாம், கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த உறவுக்காரர் விஷயத்தை உடைத்தார்: வெளிநாட்டு மாமாவுக்கு வேலை போய்விட்டது, வீட்டில் மறைக்கிறார்கள் என்று நினைக்கிறார்களாம். அக்கா விளக்க விளக்க, மறைப்பது போலவே ஆயிற்று. எனக்கு வேலை இருப்பதற்கான கடிதத்தைக்கூட அனுப்பிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை சான்றிதழ் தபாலில் திரும்பி வந்தது.

வியாழக்கிழமை விமான நிலையத்துக்கு அக்கா கார் பிடித்தாள். நான் பெட்டியை ஏற்றிவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தேன். கிரேஸ் கூடவே வந்தாள். ரிங் ரோடு முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவள், இறங்கும்போதுதான் பேசினாள்.

"உங்க மேல கோவம் இல்ல மாமா. ஆனா எனக்காக ஒரு நாள் கார்ல போயிருக்கலாம்."

திங்கட்கிழமை உட்ரெக்டில் வேலைக்குக் கிளம்பினேன். சாலை நிறையச் சைக்கிள்கள். அலுவலகம் போய்ச் சேரும்வரை ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.