லைசென்ஸ் வேண்டாத துப்பாக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. படப்பையில் எங்கள் தெருவில், எதிர் மொட்டை மாடியிலிருந்து ஓர் அலறல்.

அந்த மாடியில் கம்பெனிக்குப் போகும் பெண்கள் சிலர் வாடகைக்கு இருக்கிறார்கள். யூனிஃபார்மைக் காயப்போட வந்த முத்துலட்சுமி கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கான்ட்ராக்ட் வேலை.

யாரோ கல் எறிந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். பக்கத்து வீட்டு சேகர் வெளிறிப்போய் ஓடி வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மாடியைப் பாழாக்கும் புறாக்களை விரட்ட ஆன்லைனில் ஏர் கன் வாங்கியிருக்கிறார். குறி தவறிவிட்டது.

"லைசென்ஸே வேணாம்னு போட்டிருந்தான் சார்... பொம்மை மாதிரின்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். முத்துலட்சுமியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வண்டிச் சாவியை எடுத்தார். அந்தப் பதற்றத்தோடு ஓட்ட வேண்டாம் என்று சாவியை நான் வாங்கிக்கொண்டேன்.

டாக்டர் குண்டை எடுத்துத் தையல் போட்டுவிட்டுச் சொன்னார்: "கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்."

ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போய், எங்களை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். தெருக்காரர்கள் சிலரும் வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் சேகரைப் பிடிக்கும். "விட்டுடும்மா, தங்கமான மனுஷன். நாளைக்கு கோர்ட்டு கீர்ட்டுன்னு நீ லீவு போட முடியுமா?" என்றார் ஒருவர். கான்ட்ராக்ட் பெண்ணிடம் லீவைப் பற்றிப் பேசுவதைவிடப் பெரிய மிரட்டல் உண்டா? ஆனால் அவர் மிரட்டவில்லை... அக்கறையாகத்தான் சொன்னார்.

முத்துலட்சுமி கட்டுப் போட்ட கன்னத்தோடு மெதுவாகப் பேசினாள்.

"அண்ணாச்சி கெட்டவுகன்னு நான் சொல்லலையே. பதறிப்போயி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதே அவுகதான். ஆனா கண்ணு போயிருந்தா யாரு தருவா? நடந்ததை எழுதிக்கோங்க சார்."

எல்லோரும் சேகரைப் பார்த்தோம். அவர் தலையை நிமிர்த்தினார். "எழுதிக்குங்க சார். அந்தப் பொண்ணு சொல்றது கரெக்ட்டு."

சப்-இன்ஸ்பெக்டருக்கே கொஞ்சம் ஆச்சரியம். "லைசென்ஸ் வேணாம்னா எங்க வேணாலும் சுடலாம்னு அர்த்தமில்லப்பா. ஜனங்க இருக்கிற எடத்துல சுட்டு அடிபட்டா கேஸ்தான்" என்று எழுத ஆரம்பித்தார். துப்பாக்கி ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது. சேகர் ஜாமீனில் வீடு திரும்பினார்.

நமக்கு ஒரு பழக்கம் — ஒரு பொருளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்றால், அதற்குச் சட்டமே கிடையாது என்று எடுத்துக்கொள்கிறோம். அட்டைப்பெட்டியில் அச்சடித்த ஒரு வரி, எதிர் மாடியில் ஆள் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லுமா?

வேலை போய்விடுமோ என்று முத்துலட்சுமி பயந்துகொண்டே இருந்தாள். நல்லவேளை, சூப்பர்வைசர் ஒரு பெண்மணி. தையல் பிரிக்கும்வரை வேலைக்கு வர வேண்டாம், லீவு தருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அந்த நாட்களில் சேகரின் மனைவி மல்லிகா தினமும் தூக்குவாளியோடு எதிர் மாடி ஏறினார். முதல் நாள் முத்துலட்சுமி வாங்கத் தயங்கினாளாம்.

"கேஸு நடக்குதேக்கா... நீங்க சோறு கொண்டாரீகளே?"

"அது பாட்டுக்கு கோர்ட்டுல நடக்கட்டும். நீ சாப்பிடு, ஆறிடப் போகுது."

காயம் ஆறிவிட்டது, முத்துலட்சுமி ஷிஃப்டுக்குப் போகிறாள். வழக்கு இன்னும் நடக்கிறது.

நியாயம் கேட்டவளுக்குச் சோறு போடுகிற தெருவில்தான் நானும் இருக்கிறேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்தான்.