ஏற்றத்துக்கு ஒரு இன்ஜின்

ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் வீரலட்சுமியின் வீடு தெரியாதவர்களுக்குக்கூட அவள் வண்டியைத் தெரியும். வெள்ளை டீசல் அம்பாசிடர். வாங்கியது அவள் கொழுந்தன். அவன் துபாய்க்குக் கிளம்பியதும் வண்டியை விற்றுவிடலாம் என்றார் புருஷன் அண்ணாதுரை. "எதுக்கு விக்கணும்? நா ஓட்டுறேன்" என்றாள். அவர் சிரித்தார். லைசென்ஸைக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த அன்றைக்குத்தான் அந்தச் சிரிப்பு நின்றது.

திருமங்கலத்துப் பக்கம் பிறந்தவள். கல்யாணமாகி ஓசூர் வந்தவள். அண்ணாதுரை ஒரு கம்பெனியில் டூல் ரூம் டர்னர், லேத்தில் உலோகம் கடைகிறவர். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அஞ்செட்டிப் பக்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராக ஓசூர்க் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தார்கள். பஸ்ஸை நம்பிப் போக முடியாது. சென்னப்பன் என்று ஒருவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். ஆனால் வயசுப் பெண்ணை அந்த வேனில் ஏற்ற மாட்டேன் என்று பாதி அப்பன்மார்கள் பிடிவாதமாக நின்றார்கள். பொம்பளை ஓட்டுகிற வண்டி என்றதும் இறங்கிவந்தார்கள். தினமும் ஒரே கம்பெனிக்கு எட்டுப் பெண்கள், முன்னால் மூன்று, பின்னால் ஐந்து என்று நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள்.

தொல்லை மலைப்பாதையில் இருந்தது. அஞ்செட்டியிலிருந்து தேன்கனிக்கோட்டைக்கு ஏறும் வளைவுகளில் வண்டி மூச்சு வாங்கி நின்றுவிடும். பெண்கள் இறங்கி, டிபன் தூக்கோடு நடந்து, மேலே போய் மறுபடி ஏறுவார்கள். அதற்குள் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் கேட்டைச் சாத்தியிருப்பான்.

மெக்கானிக் ரசூல்தான் வழி சொன்னான். பெங்களூர்ப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஜப்பான் லாரியின் டர்போ ஒன்றை வாங்கிவந்து காட்டினான். பார்க்கப் பெரிய நத்தை மாதிரி இருந்தது. "வெளிய போற பொகையிலயே இது சுத்தும்க்கா. சுத்துற வேகத்துல காத்த உள்ள திணிக்கும். அப்பறம் பாருங்க இழுவைய."

இழுக்கத்தான் செய்தது. ஒரு கோடை முழுக்க யாரும் இறங்கி நடக்கவில்லை. வீரலட்சுமிக்கு ஆசை கூடிப்போய், காற்றை இன்னும் கொஞ்சம் ஏற்றி வைக்கச் சொன்னாள். ரசூல் தலையைச் சொறிந்துகொண்டே ஏற்றி வைத்தான். ஆடி மாதத்தில் ஒருநாள், பாதி மலையில் கரும்புகை கக்கி வண்டி நின்றது. பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை.

"சாதா இன்ஜினுக்கு அவ்ளோ காத்து தாங்காதுக்கா. அம்பாசிடர் கம்பெனியில இருந்து வர்ற மாதிரியே வேற இன்ஜின் போட்டுக் குடுத்தர்றேன். டர்போவக் கழட்டிடலாம். பழையபடி ஓடும்."

"பழையபடின்னா பழையபடி நடப்பாளுக."

அதுவரை வாயைத் திறக்காமல் பிஸ்டனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணாதுரை, "இது உருக்கி ஊத்துன வார்ப்பு. இதோட தெம்பு இவ்வளவுதான். கெட்டி அலுமினியத்துல நானே கடைஞ்சு தாரேன். இன்ஜின நாமளே கட்டுவோம்" என்றார்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். கம்பெனி இன்ஜின் என்றால் இரண்டு நாளில் வண்டி கைக்கு வரும், பழுது வராது, மலையும் ஏறாது. கட்டுகிற இன்ஜின் எப்போது முடியும், எப்படி ஓடும் என்று யாருக்கும் தெரியாது.

அஞ்செட்டிக்கு பஸ்ஸில் போய்ப் பெண்களிடம் சொன்னாள். அவர்களில் மூத்தவள் சென்னம்மா. "நாங்க சென்னப்பன் வேன்ல தொத்திக்கிறமுங்க்கா. ஆனா இந்த நாலு புள்ளைங்க வூட்டுல வுட மாட்டாங்க. லீவு சொல்லியிருக்குதுங்க. அடுத்த திங்கக்கெழம போவலைன்னா வேலைக்கி வேற ஆளு எடுத்துருவாங்களாம்."

பக்கத்தில் நின்ற சென்னப்பன் காதில் இது விழுந்தது. "ஆகல்லம்மா, ஆகல்ல! இது ஓடாது. லாரிச் சாமான காருல மாட்டுனா அது காரும் இல்ல, லாரியும் இல்ல. வித்துட்டு ஊட்ல சோறாக்கு."

"சோறும் ஆக்கிட்டுத்தாண்ணே வந்திருக்கேன்" என்றாள் வீரலட்சுமி.

திரும்பி வந்ததும் ரசூலிடம், "கட்டுங்க" என்றாள்.

அண்ணாதுரை, தெரிந்தவர் ஒருவரின் லேத் பட்டறையில், ஷிஃப்ட் முடிந்த பிறகு பிஸ்டன் கடைந்தார். நாலும் வெள்ளிக் கிண்ணம் மாதிரி மின்னின. சிலிண்டருக்குள் விட்டால் சொட்டு எண்ணெயோடு மெதுவாக வழுக்கி இறங்கின. துளி ஆட்டம் இல்லை. "டூல் ரூம் வேலைன்னா இது" என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

ரசூலுக்கு முகம் தெளியவில்லை. "இன்னுங் கொஞ்சம் லூஸா வேணும்ணே."

"லூஸா செய்யறதுக்கு நா எதுக்கு? ரோட்டோரத்துல எவங்கிட்டயும் குடுத்திருக்கலாமே."

இன்ஜினைக் கட்டி முடித்து, வெள்ளிக்கிழமை எட்டுப் பெண்களின் எடைக்கு ராகி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மூன்று பேரும் அஞ்செட்டிக்கு இறங்கித் திரும்பினார்கள். ஏற்றத்தில் முதல் வளைவுகளை வண்டி வாரிச் சுருட்டிக்கொண்டு ஏறியது. அண்ணாதுரை ரசூலைத் திரும்பிப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். அடுத்த வளைவில் இன்ஜின் ஒரு முனகலோடு இறுகி நின்றது. சாவியைத் திருப்பினால் அசையவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் வீரலட்சுமி சும்மா சாவியைத் திருப்பிப் பார்த்தாள். இன்ஜின் லேசாகச் சுற்றியது.

"ஆறுனா சுத்துது. சூட்டுலதான் பிடிக்குது" என்று மெதுவாகச் சொன்னாள். "ஏங்க, கல்யாணத்துக்குத் தச்ச ரவிக்கைய இப்ப என்னயப் போடச் சொன்னா எப்படி? சூட்டுல பிஸ்டன் பெருக்க எடம் வேணாமா? நீங்க எடமே விடல."

ரசூல் சிரிப்பை அடக்க மலைப்பக்கம் திரும்பிக்கொண்டான். அண்ணாதுரைக்குச் சுருக்கென்றது. "அளவு சரியாத்தான் இருக்கு. வேற ஏதோ கோளாறு."

"சரி. அப்ப நாளைக்கே கம்பெனி இன்ஜின மாட்டச் சொல்லுங்க. டர்போவ எடைக்குப் போட்ருவோம். அந்த நாலு புள்ளைகளும் மாடு மேய்க்கட்டும். உங்க பிஸ்டன ஷோகேசுல வச்சுப் பாத்துக்கிருங்க."

வண்டியைப் பின்பக்கமாகவே உருட்டி அஞ்செட்டிக்கு இறக்கி, லாரி ஒன்றில் கட்டி இழுத்து வந்தார்கள். மறுநாள் அண்ணாதுரை லீவு போட்டார். பிரித்தபோது பிஸ்டன்களின் பக்கவாட்டில் நீளநீளமாகக் கீறல். லேத்தில் மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வீரலட்சுமி டீ கொண்டுபோனாள். போனவள் திரும்பவில்லை, ஒரு மரப்பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எவ்வளவுடா கடைஞ்சு எடுக்கணும்?" என்றார் ரசூலிடம். முதல் தடவையாக அவனைக் கேட்டார்.

அவன் சொன்னது டூல் ரூமில் கழித்துப் போடுகிற அளவு. ஆனாலும் எடுத்தார். நாலிலும்.

திங்கட்கிழமை காலை வண்டியைக் கிளப்பியபோது தகரடப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோலச் சத்தம். அண்ணாதுரை காதைப் பொத்தாத குறை. "சூடேறுனா அடங்கிரும்ணே" என்றான் ரசூல். அடங்கவும் செய்தது, முழுக்க அல்ல.

அஞ்செட்டியில் எட்டுப் பேரும் நின்றார்கள். சத்தத்தைக் கேட்டதும் சென்னம்மா, "இதுலயாக்கா?" என்றாள்.

"இதுலதான். ஏறுங்க."

அண்ணாதுரையும் பிடிவாதமாகக் கூட வந்திருந்தார். டிக்கியைத் திறந்து அதில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார். வளைவுகள் வந்தன. வெள்ளிக்கிழமை நின்ற இடத்துக்கு முன்பே, பழக்கத்தில் ஒருத்தி கதவுக் கைப்பிடியில் கைவைத்தாள்.

"கைய எடு. யாரும் எறங்க வேணாம்."

கியரைக் குறைத்து மிதித்தாள். டர்போ விசிலடித்தது. வெப்ப முள் மெல்ல மேலே வந்து, சிவப்பைத் தொடாமல் அங்கேயே நின்றது. அவள் ஒரு கண் அதிலும் ஒரு கண் ரோட்டிலும் வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பின்னால் புகையும் புழுதியும் தின்றுகொண்டு அண்ணாதுரை இருமுவது கேட்டது. மேலே சமதளம் வந்தபோதுகூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் நேரம் போய்விடும்.

கம்பெனி கேட் திறந்திருந்தது. பெண்கள் ஓடினார்கள். சென்னம்மா மட்டும் திரும்பி வந்து ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"யக்கா, எந் தங்கச்சியும் வர்றேங்கறா. எடம் இருக்குமா?"

"உம் மடியில உக்காரட்டும்" என்றாள் வீரலட்சுமி. "போ, போ, கேட்டச் சாத்தப் போறான்."