சாம்பலுக்கு மேலும் கீழும்

அகழாய்வுக் கூடத்தில் அவளுக்கு 'ரெண்டு தட்டு அக்கா' என்றுதான் பேர். தோண்டிய இடமெங்கும் மண்ணுக்கடியில் ஒரு சாம்பல் அடுக்கு. என்றோ ஓர் ஊர் எரிந்துபோன அடையாளம். அதற்குக் கீழே கிடைத்த பானை ஓடுகள் இடது தட்டுக்கு, மேலே கிடைத்தவை வலது தட்டுக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் செய்கிற வேலை இதுதான். தீயோடு பழைய ஊர் முடிந்தது, பிறகு வேறு மக்கள் வந்து குடியேறினார்கள் என்று பேராசிரியரின் புத்தகத்தில் ஓர் அத்தியாயமும் எழுதியிருந்தாள். முதல்முறையாக அவள் பெயர் அச்சில் வரப்போகிறது. மாமியார் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லிவிட்டார்.

அத்தியாயத்துக்குப் படம் எடுக்க, தட்டுக்கு ஒன்றாக இரண்டு உடைந்த கைப்பிடிகளை எடுத்தாள். பானையோடு ஒட்டும்போது குயவர் அழுத்திய கட்டைவிரல் பள்ளம் இரண்டிலும் இருந்தது. அது வழக்கம்தான். பள்ளத்தின் குறுக்கே, அந்த விரலில் இருந்த பழைய தழும்பு பதிந்த கோடுதான் அவளை உட்காரவைத்தது. இரண்டிலும், வளைவு உட்பட ஒரே கோடு.

குழி எண்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு வேறு குழிகள். மண் கலந்திருக்க வழியில்லை.

"தீக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரே ஆளு," என்றாள் புகைப்படக்காரரிடம்.

"படம் எடுக்கவா வேணாமா, அத மட்டும் சொல்லுங்கக்கா."

பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். "சரிதாம்மா. நடுவுல 'மாறும் காலம்'னு மூணாவதா ஒரு தட்டு வச்சிருவோம். உன் அத்தியாயமும் தப்பிச்சிரும்."

"அந்த ஆளுக்கு அது மாறும் காலம்னு யாரு சார் சொன்னா? அவருக்கு அது மறுநாள். வீடு எரிஞ்சுபோச்சு, சமைக்கப் பானை வேணும்."

"அப்ப அத்தியாயம்?"

மாமியாரின் முகம் வந்து போனது. "புத்தகத்துலேருந்து எடுத்துருங்க சார்."

"அடுத்த புத்தகத்துக்கு ரொம்ப நாளாகும்."

"ஆகட்டும்."

புகைப்படக்காரர் தன் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். "எனக்கே அளவெடுத்த மாதிரி இருக்குக்கா."

"அப்ப நீயே சொல்லு தம்பி, ஊரு எரிஞ்ச அன்னிக்கு எங்க போயிருந்த?"

கேட்டுவிட்டாளே தவிர, கேள்வி அவளை விடவில்லை. ஓடிப்போய்த் திரும்பி வந்தவரா, போகவே இல்லையா? வேறு மக்கள் என்று யாராவது வந்தார்களா, இல்லை அதே மக்கள்தானா? ஒவ்வோர் ஓட்டிலும் குழி எண்ணும் அடுக்கும் எழுதியிருந்ததால் கலந்தாலும் பயமில்லை. இரண்டு தட்டுகளையும் நீள மேசைமேல் ஒன்றாகக் கவிழ்த்துவிட்டு, விரல் தடங்களை ஒப்பிட, கைப்பிடிகளை மட்டும் பொறுக்க ஆரம்பித்தாள்.