உள் அறையில் இருந்த மருந்துப் பெட்டி

எங்கள் குழந்தை இறந்து நாலு மாதம் ஆனபோது கல்கத்தாவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. என் மனைவியின் அண்ணன் அங்கே தபால் இலாகாவில் வேலை பார்த்தார். அவர்தான் அனுப்பியிருந்தார். ஒரு அட்டைப் பெட்டியில் வைக்கோலுக்கு நடுவே சுண்டுவிரல் உயரத்துக்கு இருபத்து நாலு கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றிலும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சர்க்கரை உருண்டைகள். கூடவே தமிழில் ஒரு ஹோமியோபதி வைத்தியப் புத்தகம். மனசை எதிலாவது செலுத்தும்படி தங்கைக்கு ஒரு கடிதமும் இருந்தது.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு டேனரியில் டிஸ்பாட்ச் குமாஸ்தா. சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பதனிட்ட தோல்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி, கோணிபோட்டுத் தைத்து, மேலே மார்க் எழுதி, மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போகும் கூட்ஸ் வண்டியில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு. மார்க் எழுதுவது நானேதான். என் கையெழுத்து நன்றாக இருக்கும்.

குழந்தை போன நாளைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷம் இரண்டு மாதப் பெண் குழந்தை. காலையில் காய்ச்சல் இருந்தது, ஆனாலும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. நான் வேலைக்குப் போய்விட்டேன். மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் டேனரி வாசலுக்கு ஓடி வந்தார். "கொழந்தைக்கு இழுப்பு வந்துட்சி. வீட்ல கூப்பிடறாங்க" என்றார். வேகன் வந்து நின்றிருந்தது, இன்னும் பத்துப் பன்னிரண்டு கட்டு ஏறவேண்டியிருந்தது. "நீங்க போங்க. இதோ பின்னாலயே வந்துடறேன்" என்று சொன்னேன். பின்னாலேயே போகவில்லை. வேகனுக்குச் சீல் வைத்துவிட்டுத்தான் போனேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நான் போனபோது குழந்தை அவள் மடியில் கிடந்தது. கால் சில்லிட்டுவிட்டிருந்தது. அவள் கையிலிருந்து வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஏன் உடனே வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை. கேட்பாள் என்று நான் தினமும் காத்திருந்தேன்.

பார்சல் வந்த பிறகு அவள் புத்தகத்தை விடாமல் படித்தாள். இந்த மருந்துகளுக்கு வாசனை ஆகாது என்று அதில் எழுதியிருந்ததாம். பூஜைக்குக் கற்பூரம் ஏற்றுவதை நிறுத்தினாள். டிரங்குப் பெட்டியிலிருந்து அந்துருண்டைகளைப் பொறுக்கி வெளியே போட்டாள். காப்பியை விட்டாள். எங்கள் வீடு முன் அறை, உள் அறை, சமையல்கட்டு, அவ்வளவுதான். உள் அறைச் சுவரில் வெயில் படாத ஒரு மாடம் இருந்தது. அதைத் துடைத்து, வெள்ளைத்துணி விரித்து, குப்பிகளை அங்கே வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம் வந்து, "நீங்க இனிமே உள்ள வராதீங்க. உங்க மேல இருக்கிற வாசனைக்கு மருந்து கெட்டுடும்" என்றாள்.

வாசனை என்று அவள் சொன்னது மரியாதைக்கு. சுண்ணாம்புத் தொட்டியும் ஆவாரம்பட்டையும் மீன் எண்ணெயும் பச்சைத்தோலும் கலந்த அந்த நாற்றம் சட்டையில் ஏறும், தலைமயிரில் ஏறும், நகத்துக்கடியில் தங்கும். ஊரில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினால்தான் பக்கத்தில் உட்கார்ந்தவர் நகர்வதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அன்றைக்கு என் பாயையும் தலையணையையும் முன் அறைக்குக் கொண்டுவந்தேன். அந்த வீட்டில் இருந்த எட்டு வருஷமும் அங்கேதான் படுத்தேன்.

நாற்றத்தைப் போக்க நான் செய்யாதது இல்லை. வேலை முடிந்ததும் பாலாற்றுக்குப் போய், மணலில் ஊற்றுத் தோண்டி, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பேன். வேலைச் சட்டையை டேனரியிலேயே ஆணியில் மாட்டிவிட்டு வேறு சட்டையில் வருவேன். ஒரு தடவை எங்கள் பாக்கிங் தச்சரிடம் சொல்லி, குப்பிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும்படி கட்டம் கட்டமாக ஒரு தேக்குப் பெட்டி செய்து வாங்கி வந்தேன். அவள் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். "அங்கேயே இருந்த மரம்" என்று சொல்லி முன் அறையிலேயே வைத்துவிட்டாள். அதில் என் சவரச் சாமான்களைப் போட்டுக்கொண்டேன்.

அந்த நாட்களில் எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது குப்பிகளால்தான். மருந்தின் பெயர்கள் இங்கிலீஷில் அச்சடித்து ஒட்டியிருந்தன. அவளுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் உள் அறை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் அவள் நிற்பாள். இந்தப் பக்கம் முன் அறைச் சுவரோரம் நான் நிற்பேன். ஒவ்வொரு குப்பியாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். நான் கண்ணைச் சுருக்கிப் படிப்பேன்.

"பெல்லடோனா."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"பெல்லடோனா. முப்பது."

"முப்பதுன்னா?"

"வீரியம் போல இருக்குது. புஸ்தகத்துல பாரு."

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி, கோதுமைப் பசை தடவி ஒட்டுவாள். தக்கையின் தலையிலும் முதல் எழுத்தை எழுதுவாள். இருபத்து நாலு குப்பிக்கு மூன்று ஞாயிறு ஆயிற்று. ஒரே நாளில் முடித்திருக்கலாம். சில பெயர்களை நான் வேண்டுமென்றே தடுமாறிப் படித்தேன். அவள் இன்னொரு தடவை கேட்கட்டும் என்றுதான்.

பிறகு மருந்துகள் பெருகின. கல்கத்தாவிலிருந்து அண்ணன் அனுப்புவார், சிலதை அவளே தபாலில் வரவழைப்பாள். பார்சல் வந்தால் அந்த ஞாயிறு எனக்கு நல்ல ஞாயிறு. தெருப் பெண்கள் மருந்துக்கு வர ஆரம்பித்தார்கள். சளி, வயிற்றுவலி, குழந்தைக்குப் பல் முளைக்கும் தொந்தரவு என்று வருவார்கள். காசு வாங்கமாட்டாள். ஆனால் யாராவது குழந்தையைக் காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு வந்தால் மருந்தைத் தொடமாட்டாள். "வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க. இங்க நிக்காதீங்க" என்று வாசலிலேயே திருப்பிவிடுவாள்.

வந்த பெண்களில் பாதிப் பேர் டேனரியில் ஆவாரம்பட்டை இடிப்பவர்கள். அவர்கள் மேலும் இதே நாற்றம்தான். அவர்கள் நேராக உள் அறைக்குப் போய், மாடத்துக்குக் கீழே உட்கார்ந்து பேசிவிட்டு வருவார்கள். அதை நான் பார்த்தேன். நோயாளியைப் போய் எப்படி வெளியே நிற்கச் சொல்வது என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாறு வருஷம் ஆனபிறகு ஒரு பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டுச் சுவரோரம் வந்து நின்றேன். அவள் சமையல்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"குப்பி எடுத்து வரலியா?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒட்டிட்டேன். படிக்க வந்துட்சி" என்றாள்.

குப்பிகளின் மேலிருந்த இங்கிலீஷ் எழுத்தையும் கீழே தான் ஒட்டிய தமிழையும் ஒப்பிட்டு ஒப்பிட்டுத் தானே எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பாராட்டவேண்டிய விஷயம். பாராட்டவும் செய்தேன். பிறகு வெளியே போய் ஸ்டேஷன் பெஞ்சில் மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரை உட்கார்ந்திருந்தேன். அதற்கப்புறம் எனக்கு ஞாயிறு என்பது வேலை இல்லாத ஒரு நாள், அவ்வளவுதான்.

பழைய தக்கைகள் உதிர ஆரம்பித்தபோது புதுத் தக்கை வாங்க வேலூருக்கு என்னை அனுப்பினாள். பஜார் பக்கத்தில் ஒரு ஹோமியோபதி டாக்டர் இருந்தார். அவர் வீட்டு முன்னறையே மருந்துக்கடையும்கூட. சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கக் குப்பிகள். நான் வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு அளவைச் சொன்னேன்.

"இன்னா சார், அவ்ளோ தூரத்துல நிக்கிறீங்க?" என்றார்.

"நான் ஆம்பூர் டேனரியில வேலை செய்றேன். வாசனைக்கு மருந்து கெட்டுடுமேன்னு..."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "யார் சொன்னது? தொறந்து வெச்ச குப்பிகிட்ட கற்பூரத்தைக் கொண்டுபோகாம இருந்தா போதும். தக்கை இறுக்கமா இருந்தா ஒண்ணும் ஆவாது. எங்கிட்ட வர்றவங்கள்ல டேனரிக்காரங்கதான் ஜாஸ்தி. அவங்களையெல்லாம் தெருவுல நிக்கவெச்சா நான் யாருக்கு மருந்து கொடுக்கிறது? உள்ள வந்து உட்காருங்க" என்றார்.

போய் உட்கார்ந்தேன். அவர் தக்கைகளை எண்ணிப் பொட்டலம் கட்டும்வரை அந்தக் குப்பிகளுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது பொட்டலம் மடியில் இருந்தது. பள்ளிகொண்டா தாண்டியும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே இருந்தேன் என்பது கை வலித்தபோதுதான் தெரிந்தது.

ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் அவள் நிலைப்படியருகே உட்கார்ந்து புதுத் தக்கைகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"வேலூர் டாக்டர் ஒண்ணு சொன்னார். தக்கை நல்லா இருந்தா வாசனையால மருந்து கெடாதாம்."

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்போலேருந்து?"

"மொதல்லேருந்தே. புஸ்தகத்துலயே போட்டிருக்குது."

"அப்புறம் ஏன் அப்படிச் சொன்னே?"

அவள் இன்னும் இரண்டு மூன்று தக்கை பொருத்தினாள். பிறகு குப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு எங்கிட்டேருந்து கொழந்தைய வாங்கித் தோள்ல போட்டுக்கினீங்களே. திரும்பிக் கொண்டாந்து கொடுத்தப்ப அது மேல உங்க டேனரி வாசனைதான் இருந்தது. அதோட வாசனை போய்ட்டுது. குளிப்பாட்டிப் பார்த்தேன், அப்பவும் வரல. உங்களைக் கிட்ட பார்த்தா எனக்கு அதுதான் வருது. அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. மருந்து மேல போட்டுட்டேன்."

அவள் கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன். "நான் உடனே வந்திருக்கணும்."

"ஆமா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ மருந்தின் பேரைச் சரிபார்ப்பதுபோலச் சொன்னாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறேன் என்று அப்போது பட்டது. ஆனால் கேட்டபிறகு பாரம் குறையவில்லை.

அடுத்த மாதமே வேலையை விட்டுவிட முடிவு செய்தேன். முதலாளி நல்ல மனுஷர். எனக்கு யாராவது பேஜார் கொடுத்தார்களா என்றுதான் முதலில் கேட்டார்.

"அதெல்லாம் இல்ல பாய். வீட்ல ஒத்துக்கல."

"வீட்டு விஷயம்னா நான் தடுக்கமாட்டேன். எப்ப வேணும்னாலும் வா, வேலை இருக்குது" என்றார்.

குடியாத்தத்தில் ஒரு லுங்கி வியாபாரியின் கிடங்கில் இடம் கிடைத்தது. இங்கேயும் கட்டுக் கட்டுவதும் மார்க் எழுதுவதும்தான். ஆனால் கஞ்சி வாசனையும் சாயமும். நெசவுத் தெருவில் ஒரு வீடு பார்த்தோம். விடியற்காலையிலிருந்து தறிச்சத்தம் கேட்கும். வீடு மாறும்போது குப்பிகள் நூறைத் தாண்டியிருந்தன. ஒவ்வொன்றையும் பழைய துணியில் சுற்றி, மூன்று தகரப் பெட்டிகளில் அவளே அடுக்கினாள்.

புது வீட்டிலும் மருந்துகள் உள் அறைக்கே, அங்கிருந்த சுவர்த் தட்டுகளுக்குப் போயின. கதவு திறந்தே இருந்தது. வா என்று அவள் சொல்லவில்லை. என் கால்கள் நிலைப்படியிலேயே நின்று பழகியிருந்தன. நாற்றம் போய் மாசக்கணக்கான பிறகும் நான் முன் அறையிலேயே பாய் விரித்தேன். ஒருநாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"மேல் தட்டு எனக்கு எட்டல. வந்து எடுத்துக் கொடுங்க."

போனேன். அப்போதுதான் அவள் எப்படி அடுக்கியிருக்கிறாள் என்று பார்த்தேன். நான் இங்கிலீஷ் அகரவரிசையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் உடம்பின் வரிசையில் வைத்திருந்தாள். மேல் தட்டில் தலைவலி, கண், காது. அடுத்ததில் தொண்டை, மார்பு. கீழே வயிறு. அதற்கும் கீழே மூட்டு, பாதம். குழந்தைகளுக்கானது மட்டும் தனியாக, தரையோடு தரையாக ஒரு பலகையில். அவள் உட்கார்ந்தபடியே கையை நீட்டி எடுக்கும் இடம் அது. கேட்ட குப்பியை எடுத்துக் கொடுத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். அவள் உருண்டைகளை எண்ண ஆரம்பித்தாள், நான் வெளியே வந்துவிட்டேன். அதற்கப்புறம் மேல் தட்டு என் வேலை ஆயிற்று.

இரண்டு வருஷம் கழித்து அவள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போய், அவள் கல்கத்தா போய் மூன்று மாதம் இருக்கவேண்டி வந்தது. "மருந்தையெல்லாம் பார்த்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். தெருவில் யார் வந்து கேட்டாலும் நான் என்ன கொடுப்பது? நோயின் விவரத்தையெல்லாம் தபால் கார்டில் எழுதி அவளுக்குப் போடுவேன். அவள் பதில் போடுவாள். பதில் வருவதற்குள் முக்கால்வாசிப் பேருக்குத் தானாகவே சரியாகியிருக்கும். ஆனாலும் எழுதினேன். அவளும் எழுதினாள். எந்தத் தட்டு, இடமிருந்து எத்தனையாவது குப்பி, எத்தனை உருண்டை என்று நுணுக்கி நுணுக்கி எழுதுவாள். மிச்ச இடத்தில் ஏதாவது இரண்டு வரி. இங்கே மழை விடவில்லை. மீன் வாசனைக்கு நடுவில்தான் சமைக்கிறேன். நீங்கள் ராத்திரிக்கு என்ன சாப்பிடுகிறீர்கள். ஒரே வீட்டில் இருந்தபோது ஒரு வருஷத்தில் பேசியதைவிட அந்தக் கார்டுகளில் அவள் அதிகம் பேசினாள். காலிவீட்டில் அவற்றை நான் இரண்டு மூன்று தடவை படிப்பேன்.

ஒரு கார்டில் எதிர்வீட்டுப் பெண்ணின் காதுவலிக்கு மருந்து எழுதியிருந்தாள். அதன் கீழே, "இங்கே பக்கத்து வீட்டில் ஒரு பெண் பள்ளிக்கூடம் போகிறாள். இந்த மாசத்தோடு நம் குழந்தைக்குப் பன்னிரண்டு முடிந்திருக்கும். எழுதவேண்டும் போல இருந்தது" என்று இருந்தது.

எதிர்வீட்டுக்கு மருந்தைக் கொடுத்துவிட்டு வந்து ஒரு கார்டை எடுத்து வைத்துக்கொண்டேன். எந்தெந்தக் குப்பி தீர்ந்தது, எதற்குத் தக்கை மாற்றினேன் என்று எழுதிக்கொண்டே போனதில் முக்கால் கார்டு நிரம்பிவிட்டது. மிச்சமிருந்த இடத்தில், "எனக்கும் ஞாபகம் இருந்தது" என்று எழுதி, காலைத் தபாலுக்குச் சேரும்படி ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.