நடுக்கடலில் எண்ணாமல் விட்ட புயல்கள்

கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு புயலை ஆராய்கிறாளாம், இங்கே கடல் எங்கே இருக்கிறது என்று செவ்வந்தியைக் கேலி செய்யாத சொந்தக்காரர் ஒருவர் பாக்கி இல்லை. கேலி செய்தவர்களுக்கு என்ன, ஞாபகமறதி. கோபிசெட்டிபாளையத்தில் அவளுடைய அப்பனும் ஆத்தாளும் கூலிக்குப் போன வாழைத்தோப்பை ஒரே நாளில் தரையோடு படுக்கவைத்தது எங்கோ கரை கடந்த புயல்தானே. அதற்கப்புறம் வேலையில்லாமல் குடும்பம் பட்ட பாட்டை அவள் மறக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது வேறு எதையும் அவள் ஏறெடுத்துப் பார்க்காததற்கு அதுதான் காரணம்.

கடல் சூடேற ஏறப் புயல்கள் பெருகுகின்றனவா என்பது ஆராய்ச்சி. வழிகாட்டி, பேராசிரியர் லட்சுமணசாமி. நடு வங்கக்கடலில் புயல்கள் கூடிக்கொண்டே வருவதாக அவர் வரைந்த வரைபடம் வெளியூர்களிலும் பேர் வாங்கியிருந்தது. அதன்மேல்தான் செவ்வந்தி தன் ஆய்வேட்டைக் கட்டினாள். 1997இல் வேலை முடியும் தறுவாய். சென்னை மாநாட்டில் அதைப் பற்றிப் பேசத் தேதியும் குறித்தாகிவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்காரர் காளிச்சாமி கடுகடுவென்று வந்து சேர்ந்தார். பம்புசெட்டு பவுண்டரியில் வார்ப்பு வேலை அவருக்கு.

"புதுசா ஒரு மிஷின் வந்திருக்குது. இரும்புக்குள்ள பொடி ஓட்டை இருந்தாலும் காட்டிக் குடுத்துருது. கழிச்சுப் போட்டது மலையாட்டக் குவிஞ்சு கெடக்குது. நாங்க வேலையைக் கெடுத்துப்போட்டோம்னு மொதலாளி வையறாரு."

"ஓட்டை முன்னாடியும் இருந்துச்சுங்களா?"

"இல்லாமயா? பாக்க வழியில்லை, அவ்வளவுதான்."

செவ்வந்திக்குச் சுரீர் என்றது. செயற்கைக்கோள் வருவதற்கு முன்னால் நடுக்கடலில் புயல் அடித்தால் பார்த்துச் சொல்ல யார் இருந்தார்கள்? அந்த வழியாகக் கப்பல் போனால் உண்டு. மறுநாளே பழைய பதிவுகளைப் புரட்டினாள். அந்தக் காலத்துப் புயல்கள் எல்லாம் கப்பல் போகும் தடத்தை ஒட்டியே இருந்தன. செயற்கைக்கோள் வந்த பிறகான வருடங்களை மட்டும் தனியாக வரைந்தால், விறுவிறுவென்று ஏறிய கோடு அப்படியே படுத்துவிட்டது. புயல்கள் கூடவில்லை, பார்க்கிற கண்தான் கூடியிருந்தது. இத்தனை வருட உழைப்பும் போச்சே என்று நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். திறந்தால் பேராசிரியர் பேர் கெடும், அவர் கையெழுத்துப் போடாமல் பட்டமும் கிடையாது. ஆனால் பாழாய்ப்போன மனசு கேட்டால்தானே. இரண்டு கோடுகளையும் கொண்டுபோய் அவர் மேசைமேல் வைத்து, கப்பல் தடத்தைப் பற்றியும் சொன்னாள்.

அவர் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"அப்பக் கடல் சூடாகறதுக்கும் புயலுக்கும் சம்பந்தமே இல்லைங்கறயா, அம்மணி?"

"அப்படிச் சொல்லலீங்க சார். எத்தனை வந்துச்சுன்னு பழைய பதிவை நம்பிச் சொல்ல முடியாதுங்க. எத்தனை பலமா வந்துச்சுன்னு செயற்கைக்கோள் படத்துல பாக்கலாமுங்க. இன்னொரு வருசம் குடுத்தீங்கன்னா நான் பாத்துருவேனுங்க."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். முடிந்தது கதை என்று செவ்வந்தி தாள்களை அள்ளப் போனாள்.

"அது இருக்கட்டும். வருசத்தை எடுத்துக்க," என்றார் அவர், திரும்பாமலே. "மாநாட்டுல நீயே பேசு. லட்சுமணசாமி வரைஞ்சது தப்புன்னு எடுத்த எடுப்புலயே சொல்லிப்போடு. நான் முன்வரிசையில உக்காந்துக்கறேன். எவனாச்சும் உம்மேல பாஞ்சான்னா, ஆமாங்க, தப்புத்தானுங்கன்னு நான் எந்திரிச்சுச் சொல்றேன்."