துவைத்து மடித்த சட்டை

ஆள் இல்லாத வீட்டுக்குள் போனதும் என் அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்காருவாள். உட்கார்ந்து, அங்கிருக்கும் நாய்க்கோ பூனைக்கோ முதுகைக் காட்டிக்கொள்வாள். பதினோரு வருடமாக இப்படித்தான். கூப்பிடமாட்டாள், கொஞ்சமாட்டாள். அதுவாக வந்து முகர்ந்து, ஆள் பரவாயில்லை என்று முடிவு செய்யும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஊருக்குப் போகிறவர்களின் நாய், பூனைகளை அவரவர் வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். "அது வீடு. நாமதான் விருந்தாளி. போன எடத்துல அடக்கமா இருக்கணும்" என்பாள். அவள் கொள்கை மொத்தமும் இவ்வளவுதான்.

"என்கிட்டயும் ஒரு நாள் அப்படி அடக்கமா இருந்து பாரேன்" என்பார் அத்தான்.

"உங்களுக்கு வாய் இருக்கு. பசிச்சா கேப்பீங்க."

போன வருடம், மின்சார மீட்டர் பார்க்கும் ஒருவர் மகளின் பிரசவத்துக்காகப் பத்து நாள் ரயிலேறிப் போனார். தனி ஆள். வீட்டில் பதினான்கு வயதுப் பூனை. எல்லா அறையையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் படுக்கும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

நான்காம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். என்னை அனுப்பினாள். எனக்கு மனிதர்களிடம் பேச வராது. பூனையிடம் பேச வேண்டியதில்லை என்பதால் போனேன். சாப்பாடு வைத்து, அது வெளிக்குப் போகும் மண் தட்டை மாற்றினேன். அரை மணியில் வேலை முடிந்துவிட்டது. சும்மா உட்காரக் கை விடவில்லை. நாற்காலியில் காலர் கறுத்த சட்டை ஒன்று கிடந்தது. ஊறவைத்துத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். சாயங்காலம் மடித்து அலமாரியில் வைத்தேன். மனுஷர் வந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் மேனேஜர் சாப்பிடவில்லை. அதற்கடுத்த நாளும் சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. அக்கா காய்ச்சலோடு வந்து இரண்டு மணி நேரம் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அது அசையவில்லை. கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார்.

"நோய் ஒண்ணும் தெரியல. ஆனா நாளைக்கும் சாப்பிடலேன்னா ஈரல் கெட்டுடும். இந்த வயசுல தாங்காது."

அக்கா மீட்டர்க்காரருக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னாள். அவர் குரல் வெளியே கேட்டது.

"நாற்காலில என் சட்டை கிடக்கும் பாருங்கம்மா. அதுமேல படுத்தாதான் அதுக்குச் சோறு இறங்கும். அதுக்காகவே துவைக்காம விட்டுட்டு வந்தேன்."

"சட்டையக் காணோமே சார். தேடிப் பாத்துட்டுச் சொல்றேன்."

அவள் போனை வைத்துவிட்டு நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கட்டிலுக்கடியில் பார்த்தேன். அது என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் துவைச்சேன்" என்றேன்.

"சோப்பு போட்டா?"

"ரெண்டு தடவ."

அக்கா திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நல்லா வெளுத்துச்சா?" என்று கேட்டாள்.

"காலர்ல மட்டும் அழுக்கு கொஞ்சம் நிக்குது."

சட்டையை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தாள். பிறகு அறையை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.

"இந்த வீட்ல நீ கை வைக்காத பொருள் ஏதாவது மிச்சம் இருக்காடி?"

கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த ஹெல்மெட்டைக் காட்டினேன். தெருத்தெருவாக மீட்டர் பார்க்கப் போகிறவரின் ஹெல்மெட். ஆறு வருட வியர்வை அதில் இருந்தது. அக்கா முகர்ந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இது போதும்" என்றாள்.

அதைக் கட்டிலருகே மல்லாக்க வைத்தோம். பக்கத்தில் சாப்பாட்டுக் கிண்ணம். இருவரும் முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். சுவரில் ஓர் ஆணியும் ஆணி பிடுங்கிய மூன்று ஓட்டைகளும் இருந்தன. முக்கால் மணி நேரம் கழித்துப் பின்னால் கிண்ணம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு மெல்லும் சத்தம். திரும்பிப் பார்க்கப் போனேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள்.

கடைசியில் பார்த்தபோது, மேனேஜர் தலையை மட்டும் ஹெல்மெட்டுக்குள் விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது.

ஊரிலிருந்து வந்த மீட்டர்க்காரர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்ப நான் எதை மாட்டிக்கிட்டுப் போறது?" என்றார்.

இப்போது அவர் புது ஹெல்மெட்டில் வேலைக்குப் போகிறார். பழையது மேனேஜருடையது. அக்கா சாவி வாங்கும்போதே, எதையெல்லாம் துவைக்கக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். வாரத்தில் மூன்று வீடுகளுக்கு நான் போகிறேன். போனதும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்கிறேன்.